மலைச் சரிவில் ஒரு புகையிலைத் தோட்டம்

இத்தாலியத் திரை வந்த வழி – பகுதி 17

1964-ஆம் வருடம் ஆவணி மாதத்துக் கடைசி வாரத்தில், மூன்று நாள் இடைவெளியில், இத்தாலியில் இரண்டு காரியங்கள் நடந்தன. செப்டம்பர் 12 அன்று ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஒரு குதிரைப் படம் திரைக்கு வந்தது. டைட்டிலில் இருந்த இயக்குநர் பெயர் அவருடைய சொந்தப் பெயர் கிடையாது. செப்டம்பர் 15 அன்று 756 என்ற எண்ணுள்ள சட்டம் பிறந்தது. நிலத்தைக் குடியானவனிடம் விட்டு விளைச்சலில் பாதியை வாங்கிக்கொள்ளும் பழைய வாரமுறையில் இனிப் புதிதாக ஒப்பந்தம் போடக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

ஆறு வாரம் போயிற்று. ஐப்பசி அடைமழைக் காலம். அக்டோபர் 30 அன்று டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற ஒன்பதே முக்கால் லட்சம் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அது பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. அந்தப் பேச்சு முடியவே 1974 ஆயிற்று.

குதிரைப் படம், வாரச் சட்டம், சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவில்லை. ஆனால் கீழ் கோத்தகிரியில் இருந்துகொண்டு இன்றைய இத்தாலிய சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த மூன்று தேதிகளும் என்னை விட்டுப் போக மறுத்தன. இந்தப் பகுதி முழுக்க அந்த மூன்றையும் சுற்றியே வருகிறது.

முதலில் குதிரைப் படம். அதை எடுத்தவர் செர்ஜியோ லியோனே. அமெரிக்கப் படம் என்று நம்பினால்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்று எண்ணி, பாப் ராபர்ட்சன் என்று பெயர் போட்டுக்கொண்டார். இசையமைத்த எண்ணியோ மோரிக்கோனே, டான் சாவியோ ஆனார். ‘ஒரு பிடி டாலர்களுக்காக’ என்று பெயர் வைத்த அந்தப் படத்தை எடுத்த இடம் ஸ்பெயினின் வறண்ட அல்மேரியா. கதையோ ஜப்பானில் அகிரா குரோசாவா எடுத்த ‘யோஜிம்போ’விலிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டது. வழக்கும் வந்தது. கதாநாயகன், 15,000 டாலர் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட ஒரு தொலைக்காட்சி நடிகர். பெயர் கிளின்ட் ஈஸ்ட்வுட்.

அங்கிருந்து கிளம்பிய புழுதி தமிழுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 1970-ல் ‘காலம் வெல்லும்’ எடுத்தார். 1972-ல் ‘கங்கா’வும் ‘ஜக்கம்மா’வும் வந்தன. கௌபாய் படம் என்றே நம் ஆட்கள் அவற்றைச் சொன்னார்கள். அவற்றை மட்டமாகப் பேசுவது படித்தவர்களின் வழக்கமாக இருந்தது. நான் அப்படிப் பேச மாட்டேன். தரையோடு ஒட்டிக் கிடந்து வானத்தை நோக்கும் காமிராவும், புழுதிக்குள் நுழைந்து புறப்படும் குதிரைகளும் கர்ணனிடம் இருந்தன. வசனத்தால் நடந்துகொண்டிருந்த தமிழ்ப் படத்தில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய காட்சிகளை வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கடனைத் தமிழ் சினிமா முழுசாக ஒப்புக்கொண்டது 2023 நவம்பரில். கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தில் ராகவா லாரன்ஸ் நடித்த ரவுடி, ஈஸ்ட்வுட்டின் பக்தன். அவனை வைத்துப் படம் எடுக்க வருகிறவனாக எஸ்.ஜே. சூர்யா. அவன் தன்னை சத்யஜித் ராயின் சீடன் என்று சொல்லிக்கொள்கிறான். பார்த்தவர்கள் இதை வேடிக்கையான ஜோடி என்று ரசித்தார்கள். எனக்கு அது இத்தாலி தமிழுக்கு வந்த இரண்டு பாதைகளாகத் தெரிந்தது. ஈஸ்ட்வுட்டை உலக நாயகனாக்கியது லியோனே. ராயோ 1950-ல் லண்டனில் விட்டோரியோ டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ பார்த்த பிறகுதான், தொழில் நடிகர்கள் இல்லாமல், ஸ்டுடியோ இல்லாமல் ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்துவிடலாம் என்று உறுதி கொண்டார். ஒரு பாதையில் துப்பாக்கி, இன்னொரு பாதையில் சைக்கிள். ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தின் கடைசிப் பகுதியில் ரவுடியும் இயக்குநரும் மலைக் காட்டுக்குள் போய், காட்டு மக்கள் மேல் அரசு நடத்தும் கொலையைக் காமிராவில் பதிவு செய்கிறார்கள். இரண்டு பாதையும் மலை மேல் வந்துதான் கூடுகின்றன.

இனி அந்தச் சட்டம்.

இத்தாலிய மொழியில் அந்த வாரமுறைக்கு மெட்சாத்ரியா என்று பெயர். ‘பாதி’ என்ற சொல் அதற்குள்ளே இருக்கிறது. நம்மூர் மேல்வாரம், குடிவாரம் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலம் பிரபுவுக்கு. உழைப்பு குடும்பத்துக்கு. விளைவதில் பாதி மேலே போகும். விதை, உப்பு, சீமெண்ணெய் எல்லாம் கணக்கில் ஏறி, கீழே நிற்கும் பாதியும் கரையும். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது என்றால், இத்தாலியில் புது ஒப்பந்தங்களுக்குத் தடை 1964-ல். நடப்பிலிருந்த பழைய ஒப்பந்தங்களைக் குத்தகையாக மாற்ற வழி செய்தது 1982-ஆம் வருடத்துச் சட்டம். ஐரோப்பா என்றால் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோன சமாச்சாரம் என்று நினைக்கிறோம்.

அந்த மெட்சாத்ரியாதான் 2018 மே மாதம் கான் விழாவில் திரையிட்ட ஒரு படத்தின் முதுகெலும்பு. ‘லாட்சரோ ஃபெலீச்சே’. மகிழ்ச்சியான லாசரஸ் என்று சொல்லலாம். இயக்கியவர் அலீச்சே ரோர்வாகர். சிறந்த திரைக்கதைக்கான பரிசை அந்த வருடம் ஜாஃபர் பனாஹியின் ஈரானியப் படத்தோடு பகிர்ந்துகொண்டது.

இதை நான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர் அவர். கண்டியைச் சுற்றிய தோட்டத்தில் பிறந்து, இங்கே முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது. நான் எழுத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை.

மலைச் சரிவில் ஒரு புகையிலைத் தோட்டம். இன்வியோலாத்தா என்று அதற்குப் பெயர். தீண்டப்படாதது என்று பொருள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு பல்பு, கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்கள். சீமாட்டியின் ஆள் வண்டியில் வந்து சாமான் இறக்குகிறான். புகையிலை எவ்வளவு, கொடுத்த சாமான் எவ்வளவு, கெட்டுப்போனது எவ்வளவு என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறான். கடைசியில் எல்லோரும் முன்பைவிட அதிகமாகக் கடன்பட்டு நிற்கிறார்கள்.

“எங்க கணக்கப்புள்ளையும் இப்பிடித்தான் தம்பி. வாய்க்குள்ளயே கூட்டிக் கழிச்சிருவாரு. நமக்குக் கேக்கும், ஆனா வெளங்காது.”

பெரியம்மா இதைச் சொல்லிவிட்டு மறுபடி படத்தைப் பார்க்கத் தொடங்கினார். எனக்குத்தான் படம் சற்று நேரம் ஓடாமல் நின்றுவிட்டது. இலங்கைத் தோட்டங்களில் கங்காணி கொடுத்த முன்பணமும், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவன் தலையில் எவ்வளவு கடன் என்று எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டும் புத்தகத்தில் படித்தவை. துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிந்தது. பெரியம்மா பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஒழிந்த ஒன்று, கணக்கப்பிள்ளையின் முணுமுணுப்பில் அவர் காலத்திலும் பாக்கி இருந்திருக்கிறது.

இந்தப் படத்தின் உண்மையான வெடி இங்கேதான் இருக்கிறது. பழைய காலத்துக் கதை என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீமாட்டியின் மகன் தான்கிரெதி தோட்டத்துக்கு வருகிறான். தலைமுடிக்கு வெள்ளைச் சாயம். கையில் செல்போன். அப்போதுதான் உறைக்கிறது, இது தொண்ணூறுகளில் நடக்கிறது என்று. வாரமுறை ஒழிந்து வருடங்கள் ஆகிவிட்டன. வெள்ளத்தில் பாலம் போன இந்தக் கிராமத்துக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை; வரவிடாமல் பார்த்துக்கொண்டவள் சீமாட்டி. இத்தாலியில் அப்படி ஒரு சீமாட்டி குடியானவர்களை ஏமாற்றி வைத்திருந்த செய்தியைப் பத்திரிகையில் படித்ததுதான் ரோர்வாகருக்குக் கதையின் விதை.

லாட்சரோ அந்த ஜனங்களுக்குள்ளும் கடைசிப் படியில் நிற்கும் பையன். யார் கூப்பிட்டாலும் ஓடுவான். சீமாட்டி குடியானவர்களைச் சுரண்டுகிறாள், குடியானவர்கள் அவனைச் சுரண்டுகிறார்கள். அதுவரை நடித்தே அறியாத அதிரியானோ தார்தியோலோ என்ற இளைஞர் அந்த வேடத்தில் வருகிறார். அந்த முகத்தில் ஒரு துளி சந்தேகம்கூடக் கிடையாது. ஒளிப்பதிவாளர் எலேன் லூவார் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்திருக்கிறார். ஓரங்கள் வளைந்து, மணல் போலப் பொரிப் பொரியாக இருக்கும் அந்தப் பிம்பம், யாரோ பெட்டியில் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படத்தைப் பார்க்கும் உணர்வைக் கொடுக்கிறது.

பாதியில் லாட்சரோ மலை விளிம்பிலிருந்து விழுகிறான். எழுந்திருக்கும்போது அவனுக்கு ஒரு நாள்கூட வயது கூடவில்லை, உலகத்துக்குக் கூடிவிட்டது. போலீஸ் எப்போதோ வந்து அந்த ஜனங்களை ‘விடுதலை’ செய்து, நகரத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. ரயில் தண்டவாளத்து ஓரத்தில், பழைய தொட்டி ஒன்றுக்குள் குடியிருந்துகொண்டு, சின்னச் சின்னத் திருட்டில் காலம் தள்ளுகிறார்கள். பசி. லாட்சரோ குனிந்து தண்டவாளத்து ஓரத்துச் செடிகளைக் காட்டுகிறான். எல்லாம் தின்னக்கூடிய கீரை. அத்தனை வருடமாக அதன் மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்; நிலத்தைப் பார்க்கும் கண் போய்விட்டது.

பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார். தேயிலைப் பாத்திக்கு நடுவில் முளைக்கும் கீரைகளை வரிசையாகச் சொன்னார். மருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு எந்த எந்தக் கீரை காணாமல் போனது என்பதையும் சொன்னார். படம் பார்த்த ஒருவர் அந்தப் படத்துக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன். லாட்சரோவின் முடிவு நகரத்து வங்கி ஒன்றில் வருகிறது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், பாருங்கள்.

ரோர்வாகருக்கு முன்னோடி எர்மானோ ஓல்மி. 1978-ல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய ‘மரக்காலணி மரம்’ அவருடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்காமோ பக்கத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும் குடியானவக் குடும்பங்கள். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு பண்ணையாருக்கு. பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் நடந்து போகும் பையனின் மரக்காலணி உடைகிறது. அப்பன் ராத்திரியில் ஒரு மரத்தை வெட்டிப் புதுக் காலணி செதுக்குகிறான். மரமும் பண்ணையாருடையது. குடும்பத்தை வெளியேற்றிவிடுகிறார்கள். வண்டியில் சாமானை ஏற்றும்போது மற்றக் குடும்பங்கள் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கின்றன. வண்டி போன பிறகுதான் முற்றத்துக்கு வருகிறார்கள். மூன்று மணி நேரப் படம். நடித்தவர்கள் அந்தப் பக்கத்துக் குடியானவர்கள், பேசியது பெர்காமோ வட்டார மொழி.

நம் பக்கத்தில் இதற்குச் சமமாக நான் வைப்பது ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லாட்சரோ கானில் ஓடிய அதே 2018-ல், ஆகஸ்ட் 24 அன்று வந்தது. லெனின் பாரதி இயக்கியது, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும். கோடநாட்டுக் காட்சிமுனையில் நின்றால் தெரியும் சிகரத்துக்கும் ரங்கசாமி என்றே பெயர் என்பதால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் கொஞ்சம் நெருக்கம். கடைசியில் தனக்குச் சொந்தமாக இருந்த அதே நிலத்தில், காற்றாலைக்குக் காவல்காரனாக அவன் சீருடையில் உட்கார்ந்திருக்கிறான். காமிரா மேலே போகப் போக அவன் ஒரு புள்ளி ஆகிறான். ரோர்வாகரின் தண்டவாளமும் லெனின் பாரதியின் காற்றாலையும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: மலையை விட்டு விரட்ட இப்போது யாரும் சவுக்கு எடுப்பதில்லை.

பாலாவின் ‘பரதேசி’ (2013) வேறு மாதிரி. டாக்டர் பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலிலிருந்து பிறந்தது. முன்பணம், கங்காணி, தீராத கடன் எல்லாம் அதிலும் உண்டு. அது கதறுகிறது. கதற வேண்டிய விஷயம்தான். ஆனால் பெரியம்மா அதைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். லாட்சரோவைக் கடைசி வரை பார்த்தார். இதில் எந்தப் படம் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வாழ்ந்தவர்களுக்கு எதைப் பார்க்கத் தாங்குகிறது என்பதும் ஒரு அளவுகோல்.

மலை என்றதும் இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் நகர முடியாது. மிக்கேலாஞ்சலோ ஃப்ரம்மார்தினோ 2010-ல் எடுத்த ‘நான்கு முறை’யில் வசனம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கலாப்ரியா மலைக் கிராமத்தில் ஒரு கிழட்டு ஆட்டிடையர் சாகிறார். ஒரு குட்டி பிறக்கிறது. ஒரு மரம் திருவிழாவுக்காக வெட்டப்படுகிறது. மரம் கரியாகிறது. அவ்வளவுதான் கதை. ஒரு நாய், வண்டிச் சக்கரத்துக்கு அணை கொடுத்த கல்லை இழுத்துவிட, வண்டி உருண்டுபோய் ஆட்டுப்பட்டியை உடைக்கும் ஒரே தொடர் காட்சி உண்டு. வெட்டே இல்லாமல் எடுத்திருக்கிறார். கோத்தகிரிச் சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டு மேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த மாதிரி சம்பவம் புதிதில்லை. ஆனால் அதைச் சினிமா என்று நமக்குத் தோன்றியதில்லை. 2021-ல் அவர் எடுத்த ‘துளை’, 1961-ல் கலாப்ரியாவில் 683 மீட்டர் ஆழமுள்ள குகைக்குள் இளைஞர்கள் இறங்கியதைக் காட்டுகிறது. அதே காலத்தில் வடக்கே மிலானில் வானளாவும் பிரெல்லிக் கட்டடம் எழும்பி நின்றதையும் காட்டுகிறது. ஒரு தேசம் மேலே ஏறும்போது இன்னொரு பாதி தரைக்கடியில் எதைத் தேடியது என்று கேட்கும் படம் அது.

இன்னொருவர் மௌரா டெல்பேரோ. அவருடைய ‘வெர்மீல்யோ’ 2024-ல் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. வெர்மீல்யோ என்பது வடக்கே ஆல்ப்ஸ் மலையில் அவருடைய அப்பாவின் ஊர். 1944. போர் எங்கோ தூரத்தில். ராணுவத்திலிருந்து தப்பி வந்த சிசிலிக்காரன் ஒருவனை ஊர் ஒளித்துவைக்கிறது. பள்ளி ஆசிரியரின் மூத்த மகள் அவனை விரும்புகிறாள். ஆசிரியராக நடித்தவர் தொம்மாசோ ராக்னோ. லாட்சரோவில் நடு வயதுத் தான்கிரெதியாக வந்தவரும் அவர்தான். வீட்டில் அத்தனை பிள்ளைகள், பால் போதவில்லை, அவரோ பாட்டுத் தட்டு வாங்கிவருகிறார். மனைவி கேட்கிறாள். அவர் சங்கீதம் ஆன்மாவுக்கு உணவு என்ற பாவனையில் நிற்கிறார். எந்தப் பெண்பிள்ளையை மேலே படிக்க அனுப்புவது, எவளை வீட்டிலேயே நிறுத்துவது என்று அந்த நல்ல மனுஷர்தான் தீர்மானிக்கிறார். பெண்களின் வாழ்க்கையை ஒரு அன்பான தகப்பன் எப்படிக் குறுக்குகிறார் என்பதை இவ்வளவு சத்தமில்லாமல் சொன்ன படம் அண்மையில் நான் பார்க்கவில்லை.

படம் முழுக்க அந்தப் பள்ளத்தாக்கின் பேச்சுமொழியில் ஓடுகிறது. இத்தாலியத் தியேட்டர்களிலேயே இத்தாலிய மொழியில் எழுத்து ஓடவிட்டுத்தான் காட்டினார்கள். படுகு பேசும் ஹட்டிகளும், மலையகத் தமிழ் பேசும் லைன்களும், இருளர் பேச்சு கேட்கும் கரிக்கையூரும் பத்து மைல் சுற்றளவுக்குள் இருக்கும் எங்கள் ஊருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

துப்பாக்கிப் பாதைக்குச் சற்றுத் திரும்பிப் போக வேண்டும். இன்றைய இத்தாலியில் குற்றப் படம் என்றால் மத்தேயோ கர்ரோனேயின் ‘கொமோர்ரா’ (2008). ரொபர்த்தோ சவியானோ எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. நேப்பிள்ஸ் நகரத்துக் கமோர்ரா கும்பலைப் பற்றி எழுதிய குற்றத்துக்காக சவியானோ போலீஸ் பாதுகாப்பிலேயே வாழ வேண்டியதாயிற்று. அதே கர்ரோனே 2023-ல் செனகல் நாட்டுப் பையன்கள் பாலைவனமும் லிபியாவும் கடந்து கடலேறும் ‘நான் கேப்டன்’ எடுத்தார். குற்றப் படக்காரர், சமூகப் படக்காரர் என்று பிரித்துவைக்கும் பழக்கம் இத்தாலியில் நிலைக்கவில்லை. நம்மிடம் அப்படி இரண்டு பாதையிலும் நடக்கிறவர் வெற்றிமாறன். ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் தொலைந்த பைக்கைத் தேடும் பையனைப் பார்க்கும்போது டி சிகா 1948-ல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ நினைவுக்கு வராமல் இருக்காது. அவருடைய ‘விசாரணை’ 2015-ல் வெனிஸ் விழாவின் ஒரிசோந்திப் போட்டிப் பிரிவுக்குப் போய், அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் இத்தாலியக் கிளை கொடுக்கும் மனித உரிமைப் பரிசை வாங்கியது. மூலம், கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்ட அடியை எழுதிய ‘லாக்கப்’.

வெற்றிமாறனின் குரு பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அவர் நீலகிரியின் மூடுபனியைத் தமிழுக்குச் சொந்தமாக்கிக் கொடுத்தார். 1980-ல் ‘மூடுபனி’, 1982-ல் ‘மூன்றாம் பிறை’. கேத்தி ரயில் நிலையத்து அந்தக் கடைசிக் காட்சியை மறந்தவர் யார்? இந்த மலையில் வெளிச்சத்தைப் படித்த கண் ஒன்று ஒரு மாணவனை உருவாக்க, அந்த மாணவன் வெனிஸ் வரை போனான் என்பது எங்களுக்குக் கொஞ்சம் பெருமை தரும் கதை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரோம் புறநகரத்துச் சில்லறைத் திருடன் ஆற்றில் கிடந்த கழிவில் விழுந்து அசுர பலம் பெறும் ‘ஜீக் ரோபோ’ படத்தை இளைஞர்கள் பார்க்கலாம். பலம் வந்ததும் அவன் முதலில் செய்வது ஏடிஎம்மைப் பெயர்ப்பது. ஏழு நண்பர்கள் விருந்து மேசையில் செல்போனைத் திறந்து வைக்கும் ‘பெர்ஃபெத்தி ஸ்கொனோஷூதி’ (2016) அதிக முறை மறுஆக்கம் செய்த படமாக 2019-ல் கின்னஸில் ஏறியது. அதுவரை 18 முறை. கன்னடத்தில் வந்தது, இந்தியிலும் வந்தது. பாவ்லோ சொர்ரென்தினோவின் ‘மகா அழகு’ ஆஸ்கர் வாங்கியது. கண்ணுக்கு விருந்து; எனக்கு மனசில் தங்கவில்லை.

தங்கியது பாவ்லா கொர்த்தெல்லேசியின் ‘நாளை என்று ஒன்று இருக்கிறது’. நகைச்சுவை நடிகையாக இருந்தவர் இயக்கிய முதல் படம். 2023-ல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஐம்பது லட்சத்துக்கு மேல் டிக்கெட் போயிற்று. அந்த வருடம் இத்தாலியில் ‘பார்பி’யையும் முந்தியது. 1946-ன் ரோம். தெலியா என்ற பெண் காலையில் கண் விழித்ததும் புருஷன் அறைகிறான். அவள் எழுந்து வேலையைப் பார்க்கிறாள். ஊசி போடப் போவாள், துணி தைப்பாள், குடை பழுது பார்ப்பாள். குடைக் கடையில் புதிதாகத் தொழில் பழக வந்த பையனுக்கு அவளைவிடச் சம்பளம் அதிகம். ஏன் என்று கேட்கிறாள். அவன் ஆம்பிளை.

இந்தியத் தோட்டங்களிலும் 1976-ல் சம ஊதியச் சட்டம் வரும்வரை ஆண் பேருக்கு ஒரு கூலி, பெண் பேருக்கு ஒரு கூலி. ஒரே பாத்தி, ஒரே எடைத் தராசு. இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. “அதுக்கு அப்புறமும் அரைப்பேர் போட்டுத்தானே அனுப்புனாங்க” என்றார். அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. தெலியாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. அதைத் தூக்கி எறிகிறாள், பிறகு பொறுக்கி எடுத்து ஒளித்துவைக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னால் படத்துக்குத் துரோகம். 1946 ஜூன் 2 என்ற தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன மூன்று தேதிகளில், குதிரைப் படத்துக்கு வாரிசுகள் உண்டு. வாரச் சட்டத்துக்கு ரோர்வாகர் கிடைத்தார். அக்டோபர் 30 ஒப்பந்தத்துக்கு எங்கள் மலையிலிருந்து இன்னும் ஒரு படம் வரவில்லை. 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கிப் பிறகு டான்டீ என்று பெயர் பெற்ற தோட்டங்கள், தாயகம் திரும்பியோருக்காகவே உண்டானவை. தனியார் தோட்டங்களிலும் காடு திருத்திய இடங்களிலும் சிதறிக் குடியேறியவர்கள் வேறு. நீலகிரியில் பாட்டு எடுக்க வந்த படப்பிடிப்புக் குழுக்களுக்குக் கணக்கில்லை. சரிவில் ஆடுகிறவர்களுக்குப் பின்னால், கூடையோடு நிற்கும் பெண்கள் பச்சை நிறத்துக்கு நடுவில் ஒரு நிறமாக மட்டும் வந்துபோனார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கப்பலேறி வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே உட்காரவைத்து உங்கள் போனில் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பெரட்டுக்களம், லயம், துண்டு, அரைப்பேர் என்று அவர்கள் சொல்லும் சொற்களைத் திருத்தாதீர்கள். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் குடும்ப அட்டையையும் பழைய சம்பளச் சீட்டையும் எரித்துவிடாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திரைக்கதை வேண்டும். அது இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறது.

அடுத்த பகுதி சிசிலித் தீவின் பலேர்மோவுக்குப் போகிறது. அங்கே பெல்லக்ரீனோ மலை ஏறி, சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் குகைக் கோயிலில் விளக்கேற்றிக் கும்பிடும் ஈழத்து இந்துக் குடும்பங்கள் வாழ்கின்றன.

(தொடரும்)